ரேடியோவின் வயசைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்

குளச்சலில் விசைப்படகுக்குப் போகிற என் அக்கா மகன், போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். "சித்தி, கடலுக்குக் கொண்டுபோக ஒரு ரேடியோ வேணும். ஷார்ட் வேவ் எடுக்கணும். புதுசு வாங்கவா, பழசு பாக்கவா?" போனில் இரண்டு படம் வைத்திருந்தான். ஒன்று புத்தம்புதுச் சீனப் பெட்டி. இன்னொன்று யாரோ விற்கப் போட்டிருந்த பழைய சோனி. 'நல்ல கண்டிஷன்' என்று கீழே இரண்டு வார்த்தை.

நான் மூக்குக் கண்ணாடியைத் தேடவில்லை. "பழசு எந்த ஊரில இருக்கு?" என்றேன்.

"முட்டம். வீடு கடலப் பாத்தாக்கும் இருக்கு."

"அப்ப வேண்டாம் மக்களே."

படத்தைப் பார்க்காமலே சொன்னதில் அவனுக்கு வருத்தம். சாயா போட்டுக் கொடுத்து விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் நான். சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ், கேட்க ஆரம்பித்தது அதற்கும் முன்னால். அப்பாவுக்கு இலங்கை வானொலி, அம்மைக்கு மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த சோனி 7600 என்று எந்தக் காலத்திலும் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி பேசிக்கொண்டே இருந்தது.

உப்பு, எறும்பு, அலமாரி

நம் கன்னியாகுமரி மாவட்டம் சின்னது. ஆனாலும் ரேடியோவுக்கு இங்கே மூன்று தனித்தனிச் சீமை இருக்கிறது. கடற்கரை ஒன்று. தக்கலை, கருங்கல், மார்த்தாண்டம் மாதிரி நடுநாடு ஒன்று. குலசேகரம், பேச்சிப்பாறை என்று மலையோரம் இன்னொன்று.

கரையில் உப்புத்துகள் காற்றிலேயே மிதக்கிறது. ஜன்னலோரம் வைத்த பெட்டிக்குள் அது போய்ப் படியும். உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம். மழைக்காலத்தில் உப்புப் பரணி நசநசப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலை பேண்டு மாற்றும் ஸ்விட்சின் செப்புத் தகட்டிலும் நடக்கும். வெளியே பார்த்தால் பெட்டி மினுங்கும். உள்ளே செப்பில் பச்சைக் களிம்பு. மலையோரத்தில் உப்பு கிடையாது, ஆனால் வருஷத்தில் பாதி நாள் ஈரம். பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு கூடு வைக்கும். ரப்பர் ஷீட் புகை போடுகிற வீட்டுப் பெட்டி என்றால் ஸ்பீக்கர் துணியை முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

பழசில் நல்லது கிடைக்க வேண்டுமென்றால் நடுநாட்டில், வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டு அலமாரியில் தேடுங்கள். அந்தப் பெட்டிகள் முதல் பத்து வருஷத்தை வறண்ட ஊரில், ஏசி அறையில் கழித்தவை. ஊருக்கு வந்தபின் பாச்சா உருண்டை வாசத்தோடு துணிக்கு நடுவில் தூங்கியவை. நாற்பது வயசான அந்தப் பெட்டி, முட்டத்தில் எட்டு வருஷம் ஜன்னலில் உட்கார்ந்த பெட்டியைவிட இளசு. இதனால்தான் விற்கிறவரிடம் எத்தனை வருஷம் ஆயிற்று என்று நான் கேட்பதே இல்லை. எந்த ஊரில், வீட்டில் எந்த இடத்தில் வைத்திருந்தீர்கள் என்றுதான் கேட்பேன். இன்னொன்றும் கேட்பேன்: "செல்லைக் கழட்டி வச்சியளா?" இதற்குப் பதில் தயங்கி வந்தால் விலையைப் பாதியாக்கலாம்.

வாங்குமுன் ஒரு கேள்வி

புதுசா பழசா என்பதற்கு முன்னால், எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பழைய நினைப்பில் சிற்றலை வாங்குகிறவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. இரவு ஒன்பதே காலுக்கு அந்த இடத்தில் முள்ளை வைத்தால் இப்போது இரைச்சல்தான். வெரித்தாஸும் 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. ஆகாசவாணியும் தன் சிற்றலை ஒலிபரப்பிகளில் பலவற்றை அணைத்துவிட்டது.

அதற்காகச் சிற்றலை செத்துவிடவில்லை. சீன வானொலி, வத்திக்கான் வானொலி, அட்வென்டிஸ்ட் உலக வானொலி போன்றவை தமிழுக்கும் சிற்றலையில் நேரம் ஒதுக்கி வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் பிபிசி உலகச் சேவை, ஜப்பான், கொரியா, ருமேனியா, துருக்கி என்று சுற்றிக்கொண்டே இருக்கலாம். நேரமும் அலைவரிசையும் வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு செட் கெட்டுப்போனதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எந்த நேரத்தில் கேட்பீர்கள் என்பதும் முக்கியம். பகலில் வெயில் காய்ச்சும்போது வானத்தின் கீழடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை உறிஞ்சிவிடும். அப்போது 13 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தேட வேண்டும். சாயங்காலம் 9 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை. ராத்திரி அந்தக் கீழடுக்கு கலைந்துவிடும், 6, 7 மெகாஹெர்ட்ஸ் உயிர்பெறும். டயலில் மீட்டர் கணக்கு எழுதியிருந்தால் 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துக்கொள்ளுங்கள். 9.5 என்றால் ஏறத்தாழ 31 மீட்டர். ஆகவே புதுசோ பழசோ, 5.9இலிருந்து 15.8 மெகாஹெர்ட்ஸ் வரை நடுவில் ஓட்டை இல்லாமல் எடுக்கிறதா என்று பாருங்கள். சில மலிவுப் பெட்டிகள் எஸ்டபிள்யூ (ஷார்ட் வேவ்) ஒன்று முதல் எட்டு வரை என்று பெருமையாக எழுதியிருக்கும். ஸ்கேலைக் கூர்ந்து பார்த்தால் இடையிடையே வெட்டிப்போட்டிருப்பார்கள்.

அக்கா மகனுக்கு இன்னொரு நினைப்பும் இருந்தது. படகுகளுக்குள் பேசிக்கொள்கிற வயர்லெஸ்ஸை இதில் கேட்கலாம் என்று. கேட்காது. அது விஎச்எஃப் என்கிற உயர்ந்த அலைவரிசை, அதன் பதினாறாம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். சிற்றலை 30இலேயே முடிந்துவிடுகிறது, எஃப்எம் 108இல். கரையில் இருக்கிற எல்லோருக்குமாகவே சொல்கிறேன்: இந்த ரேடியோ விஎச்எஃப் செட்டுக்கு மாற்று இல்லை.

அதே சமயம், கடலுக்கு மேல் மத்தியலை, அதாவது மீடியம் வேவ், நன்றாக வழுக்கிக்கொண்டு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ், இலங்கைப் புத்தளத்திலிருந்து வரும் 882 எல்லாம் ராத்திரி கரையில் கணீரென்று விழும். ஓகி புயல் அடித்த 2017 நவம்பர் 30க்குப் பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை, போன் எல்லாம் கட்டையாகிக் கிடந்தது. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாதா என்று என் சமையல்கட்டில் பதினைந்து பேர் சோனியைச் சுற்றி நின்றார்கள். 'மொபைலில் கேட்டால் போதாதா' என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சமையல்கட்டுதான் ஞாபகம் வரும். மத்தியலை, எஃப்எம், சிற்றலை மூன்றும் ஒழுங்காக எடுக்கிற பெட்டியாகத்தான் வாங்க வேண்டும்.

புதுசு

கடைகளில் தொங்குகிற மலிவு 'பத்து பேண்டு' பெட்டியில் ஆரம்பிப்போம். பென் டிரைவ், புளூடூத், டார்ச், முதுகில் ஒரு தீப்பெட்டி அளவு சோலார் தகடு. சிற்றலை கேட்க இதை வாங்காதீர்கள். பெரும்பாலானவை ஒற்றை மாற்றுப் பெட்டிகள், அதாவது வருகிற அலைவரிசையை உள்ளே ஒரே ஒரு தடவை மட்டும் மாற்றுபவை. ஒரே நிலையத்தை இரண்டு இடத்தில் காட்டும். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 9.5இல் ஒரு வலுவான நிலையம் வந்தால், முள்ளை 910 கிலோஹெர்ட்ஸ் கீழே, 8.59க்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் அதே ஆள் பேசினால் அது நிழல். உள்ளே இருக்கும் இடைநிலை அலைவரிசை 455 கிலோஹெர்ட்ஸ், அதன் இரண்டு மடங்கு தள்ளி நிழல் விழுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் இந்தக் கணக்கைக் கடையில் போட்டுப் பார்த்தால் கடைக்காரர் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்.

ஒழுங்கான புதுப்பெட்டி என்றால் இப்போது பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவதுதான். டெக்சன் பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808 இரண்டும் நான் கையில் வைத்துக் கேட்டவை. இரண்டிலும் எண்ணைத் தட்டி நேராக நிலையத்துக்குப் போகலாம். இரண்டிலும் எஸ்எஸ்பி உண்டு. அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வாத்து கத்துகிற மாதிரிப் பேசுவதை மனுஷக் குரலாக்கும் வசதி. வெறும் செய்தி கேட்கிறவருக்கு அது தேவையில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

எனக்கு பிஎல்-330ஐப் பிடித்ததற்குக் காரணம் அதன் பேட்டரி. அந்தக் காலத்து நோக்கியா 1100இல் போட்டோமே, அதே பிஎல்-5சி. சந்துக்குச் சந்து இருக்கிற போன் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. போலியும் கிடைக்கிறது. உப்பலாக இருந்தாலும், எடை காற்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். டி-808க்கு உருண்டையான 18650 செல். ரீசார்ஜ் டார்ச்சில் இருக்குமே, அது. படகிலும் தோட்டத்திலும் வைத்துக்கொள்கிறவருக்கு இன்னொரு யோசனை: சாதாரணப் பென்டார்ச் செல் போடுகிற பெட்டியைப் பாருங்கள். கரண்ட் இல்லாத நாளில் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும், சார்ஜர் கிடைக்காது.

புதுசின் குறையையும் சொல்ல வேண்டும். சின்ன ஸ்பீக்கர். சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். குரலின் கனம் பழைய பெட்டியில்தான். திருகும்போது ஒவ்வொரு அடிக்கும் சத்தம் விக்கி விக்கி வருகிற மாடல்களும் உண்டு. பழைய பெட்டியில் முள்ளை மெல்ல நகர்த்தி ஊர் ஊராகப் போகிற சுகம் அதில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கவரி விலைக்கு மேலே வரும், அதைக் கணக்கில் சேர்க்காமல் 'மலிவு' என்று சந்தோஷப்படாதீர்கள். கெட்டுப்போனால் திருப்பி அனுப்புகிற செலவு பெட்டி விலைக்குப் பக்கத்தில் நிற்கும். உள்நாட்டு விற்பனையாளரிடம் நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும், திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள் கெடு எழுதியிருக்கிறவரிடம் வாங்குங்கள். அந்தக் கெடு முடிகிறவரை அட்டைப்பெட்டியைக் கிழிக்க வேண்டாம், ஒரு ராத்திரிகூட ரேடியோ போடாமல் படுக்கவும் வேண்டாம். பழுது இருந்தால் அந்த நாட்களுக்குள்தான் வெளியே வர வேண்டும்.

பழசு: நான் ஏமாந்த கதை முதலில்

ஏழெட்டு வருஷம் முந்தி, இணையத்தில் ஒருவரிடம் ஒரு ஜப்பான் பெட்டி வாங்கினேன். படத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. வந்த பெட்டியும் அப்படியே. ஒரு கீறல் இல்லை. ராத்திரி சிற்றலை அருமையாக எடுத்தது. காலையில் நாகர்கோவில் எஃப்எம் போடலாம் என்று 101ஐத் தேடினால் டயல் 90இலேயே முடிந்துவிட்டது. ஜப்பானில் எஃப்எம் 76இலிருந்து 90 வரைதான் வைத்திருந்தார்கள். அந்த நாட்டுக்குள் விற்கச் செய்த பெட்டி அது. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. 1984இலிருந்து நம் ஊர்க்காரர்களுக்குப் பழகின நிலையம், அது வராத பெட்டி, மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

ஆகவே பழசில் முதலில் டயலைப் படியுங்கள். எஃப்எம் 108 வரை போகிறதா? எண் காட்டும் பெட்டி என்றால் மத்தியலையில் 9 கிலோஹெர்ட்ஸ் படி இருக்கிறதா? அமெரிக்காவுக்குச் செய்தது 10, 10ஆகத் தாவும். 1053இல் நிற்காமல் 1050, 1060 என்று போய்க்கொண்டிருக்கும். மாற்றுவதற்கு ஒரு ஸ்விட்ச் பல மாடல்களில் உண்டு, இருக்கிறதா என்று கேளுங்கள். அடாப்டர் கொடுத்தால் 110 வோல்ட்டா 230ஆ என்று பாருங்கள், நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்றும் பாருங்கள். சில பழைய பெட்டிகளில் நடுமுனை நெகட்டிவ். கண்ட அடாப்டரைச் சொருகினால் கதை அங்கேயே முடிந்தது.

பார்க்கப் போகும்போது நான் ஒரு சின்னப் பை எடுத்துப்போவேன். புது செல் ஆறு, இயர்போன், டார்ச், நாலு மீட்டர் ஒயர், முனையில் ஒரு முதலை கிளிப். நேரம் ராத்திரி ஏழரைக்கு மேல். பகலில் வரச் சொல்கிற ஆளிடம் சிற்றலை சோதிக்க முடியாது, அது அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

முதல் வேலை செல் போடுகிற குழியைத் திறந்து டார்ச் அடிப்பது. ஸ்பிரிங் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உடனே ஓட வேண்டாம். ஸ்பிரிங்கோடு நின்றிருந்தால் சுத்தம் செய்துவிடலாம். ஆல்கலைன் செல் ஒழுகியதென்றால் அது காரம், பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைக்கலாம். சாதாரண செல் ஒழுகியதென்றால் அது அமிலப் பக்கம், ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவலாம். இரண்டையும் மாற்றிச் செய்தால் பிரயோசனமில்லை. துடைத்தபின் நன்றாக உலர வேண்டும். ஆனால் கறை குழியைத் தாண்டி ஒயர் வழியே உள்ளே ஏறியிருந்தால், குழியை மூடிவிட்டு அவர்கள் தருகிற சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து ஏரியலை முழுக்க நீட்டுங்கள். ஆட்டும்போது கரகரவென்றால் அடியில் திருகு தளர்ந்திருக்கிறது அல்லது உள்ளே சால்டரிங் விட்டிருக்கிறது. இரண்டும் சின்ன வேலை. முறிந்த ஏரியலுக்கும் மாற்று கிடைக்கும். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் ஸ்விட்ச் சுத்தம் செய்கிற ஸ்ப்ரே அடித்தால் போய்விடும். பேண்டு ஸ்விட்சைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். அழுத்திப் பிடித்தால் மட்டும் பேசுகிறதென்றால் களிம்பு ஆழமாக இறங்கியிருக்கிறது. கரையோர வீட்டுப் பெட்டிகளில் நான் அதிகம் பார்த்த வியாதி இதுதான். முள் நகரும் பெட்டி என்றால் டயல் கயிறு வழுக்குகிறதா என்று பாருங்கள். குலுக்கினால் உள்ளே கலகலத்தால் மத்தியலைக்கு ஏரியலாக இருக்கிற ஃபெரைட் கம்பி உடைந்திருக்கும், மத்தியலை போச்சு.

இதற்கப்புறம் காதுக்கு வேலை. இயர்போனைப் போட்டு வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்கூட வராமல் மந்தமாக இருக்கிறதா? எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த சில சின்னச் சோனி மாடல்களில், எஸ்டபிள்யூ1, எஸ்டபிள்யூ55 மாதிரி, உள்ளே ஒட்டியிருக்கும் குட்டிக் கண்டன்சர்கள் ஒழுகிச் சத்தம் தேய்ந்துபோவது கேட்பவர்களுக்குள் பிரசித்தம். மாற்றலாம், ஆனால் அதற்குக் கண்ணும் கை நடுக்கமில்லாத ஆளும் வேண்டும். மடக்கித் திறக்கிற எஸ்டபிள்யூ100இல் மூடிக்குப் போகிற நாடா ஒயர் முறியும், திறந்து மூடித் திறந்து பாருங்கள். இன்னொன்று, எஃப்எம் கணீர், ஆனால் சிற்றலை மட்டும் கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி. யாரோ மொட்டைமாடியில் நீள ஒயர் கட்டி இடிமழையில் கழற்றாமல் விட்டிருப்பார்கள், முதல் டிரான்சிஸ்டர் போயிருக்கும்.

டயல் நேராக இருக்கிறதா என்று அறிய ஒரு இலவசக் கருவி வானத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் 10 மெகாஹெர்ட்ஸில் விடுங்கள். சீனாவின் நேர நிலையம் பிபிஎம் நொடிக்கு நொடி 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருக்கும். நம் பக்கம் அநேக நாள் கேட்கும். எண் 10,000 (கிலோஹெர்ட்ஸ்) காட்டும்போது டிக் தெளிவாக இருந்தால் செட் நேர்க்கோட்டில் நிற்கிறது. 10,004இல்தான் தெளிவாகிறதென்றால் விலகியிருக்கிறது, அந்த விலகலைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

எங்கே தேடுவது? பழைய சாமான் வாங்குகிற ஆக்கர் கடைகளை விட்டுவிடாதீர்கள். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் எடைக்குப் போட வைத்திருந்த தோல் உறைப் பிலிப்ஸ் ஒன்றை முந்நூறு ரூபாய்க்கு எடுத்தேன், இப்போதும் திருவனந்தபுரத்தை எடுக்கிறது. ஆனால் அங்கே பேரம் மட்டுமே உண்டு, உத்தரவாதம் கிடையாது. மெக்கானிக்குகளும் அருகிவிட்டார்கள். கேங் கண்டன்சர், ஐஎஃப்டி என்று பழைய ரேடியோ பாகங்களைக் கேட்டால் புருவம் உயர்த்துகிற பிள்ளைகள்தான் இப்போது கடையில் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பழசில் போடாதீர்கள்.

ரேடியோ நல்லது, வீடுதான் கெட்டது

புதுசு வாங்கி வந்து ஒரே இரைச்சல் என்று கூப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, செல்லில் போட்டுக் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் பெட்டி நல்லது. எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர் இவைதான் எதிரி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்படுவான். எங்கள் வீட்டில் அகப்பட்டது சாமிபடத்துக்கு முன்னால் இருந்த பத்து ரூபாய் அலங்கார விளக்கு. படகிலும் இதுவே. எஞ்சினும் எல்இடி விளக்கும் ஓடும்போது சிற்றலை ஒன்றும் விளங்காது. வலையைப் போட்டுவிட்டு எல்லாம் அணைத்துக் கிடக்கிற நேரத்தில் கேட்டால், கரையில் கிடைக்காத தெளிவு.

ஒயர் ஏரியல் ஐந்தாறு மீட்டர் போதும். பிச்சிப்பந்தலிலோ தென்னையிலோ கட்டி, முதலை கிளிப்பை ஏரியலில் கவ்விவிடுங்கள். ரொம்ப நீட்டினால் சின்னப் பெட்டிக்கு அஜீரணம், எல்லா நிலையமும் ஒன்றோடொன்று குழம்பும். சித்திரை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே கழற்றிவிடுங்கள். கரையோரக்காரர்கள் கேட்காத நேரத்தில் பெட்டியை மூடி இறுக்கமான டப்பாவில், செருப்புப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பொட்டலம் நாலு சேர்த்து வையுங்கள். பெரிய எவர்சில்வர் சம்படம் நல்லது.

கடைசியில் அக்கா மகனுக்கு நான் சொன்னது: படகுக்குப் புதுசு. உப்புத் தண்ணி தெறித்துப் போனாலும் ஒரு விலைக்குமேல் அழ வேண்டாம், அதே மாடல் திரும்பக் கிடைக்கும். நாற்பது வயசுப் பெட்டியைக் கடலுக்குக் கொண்டுபோவது அதற்குச் செய்கிற பாவம். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவராக இருந்தால், கருங்கல் அலமாரிப் பெட்டி ஒன்று கிடைக்கிறவரை காத்திருக்கச் சொல்லியிருப்பேன். கண் மங்கின அப்பாவுக்கு வாங்குகிறீர்களென்றால் பட்டன் நிறைந்த எதுவும் வேண்டாம். பெரிய டயல், பெரிய திருகு, பென்டார்ச் செல் போடுகிற ஒரு புதுப் பெட்டி. நிலையம் இருக்கும் இடத்தில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள்.

அவன் பிஎல்-330 வாங்கினான். அதை ஜிப் கவருக்குள் போட்டு, ஏரியல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஆறாம் நாள் ராத்திரி துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான்.

"சித்தி, பத்து மெகாவில டிக் டிக்குனு அடிக்கி. செட்டு ஏதும் கேடா?"

"எண் எவ்வளவு காட்டுது?"

"சரியா பத்தாயிரம்."

"கேடொண்ணும் இல்ல மக்களே. சீனாக்காரன் கடிகாரமாக்கும். திருப்பி எடுக்கிற கெடு என்னைக்கு?"

"நாளன்னைக்கு."

"அப்ப இன்னும் ரெண்டு ராத்திரி கேளு. அதுக்குப் பொறவு அட்டைப்பெட்டியக் கிழிச்சிரு."